ஐந்து பருவங்கள் ஆடிய ஃபிஜிக்காரர்: முருகேசனுக்கு ஒரு கடிதம்

பென்டில் ஹில், சிட்னி

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கடிதமும், அதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்த காணொளியும் கிடைத்தன. பணி ஓய்வு பெற்ற பிறகும் நீ மாலைதோறும் பள்ளி மைதானத்துக்குப் போய்க் கபடிப் பையன்களை விரட்டிக்கொண்டிருப்பதில் எனக்கு வியப்பில்லை. வீட்டில் அண்ணி என்ன சொல்கிறார் என்பதை மட்டும் நீ எழுதாமல் விட்டுவிட்டாய். என் முழங்கால் முன்பைவிடத் தேவலை. மாடிப்படி இறங்கும்போது மட்டும் தன் இருப்பைச் சொல்கிறது.

காணொளியில் இருப்பவர் யார் என்றும், இங்கே சிட்னியில் பாரமட்டா ஈல்ஸ் என்ற ரக்பி லீக் கிளப்பில் அவ்வளவு பெயர் வாங்கியவர் ஐந்தே ஆண்டுகளில் ஏன் அந்த ஆட்டத்தை விட்டுப் போனார் என்றும், அது தோல்வியா என்றும் கேட்டிருந்தாய். உன் பையன்களில் ஒருவன் கேட்டானாம். நீயும் அதைத்தான் கேட்க நினைத்திருப்பாய் என்று நான் ஊகிக்கிறேன். முதலில் ஒரு திருத்தம். நீ அனுப்பிய காணொளி, அவர் பிரான்சில் போர்டோ நகரத்துக் கிளப்புக்காக ரக்பி யூனியன் ஆடிய காலத்தில் எடுத்தது. நான் நேரில் பார்த்தது அதற்கு முன்பு, இங்கே ரக்பி லீக் ஆடிய செமி ரட்ராட்ராவை.

பெயரை நாம் இப்படி எழுதுகிறோமே ஒழிய, ஃபிஜிக்காரர்கள் அப்படிச் சொல்வதில்லை. அவர்கள் மொழியில் ‘ட’வுக்கு முன்னால் ஒரு ‘ன்’ எழுத்தில் வராமல் ஒலியில் மட்டும் வந்து நிற்கும். ஆகவே அவர் ‘ரன்ட்ரன்ட்ரா’. அதே கணக்கில்தான், ஆங்கிலத்தில் ‘நாடி’ என்று எழுதப்படும் ஊர் பேச்சில் ‘நாண்டி’ ஆகிறது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பேருந்துப் பணிமனையில் என்னோடு பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தவர். அவருடைய கொள்ளுத்தாத்தா சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிக் கரும்புத் தோட்டக் கூலியாக ஃபிஜிக்குப் போனவர். 1903 முதல் அப்படிப் போனவர்களின் வழிவந்தவர்கள்தான் நாண்டியில் சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலைக் கட்டி வைத்திருக்கிறார்கள். இந்த நண்பருக்குத் தமிழில் ‘வாங்க, சாப்பிடுங்க’ என்பதற்கு மேல் வராது. ஆனால் ரக்பி என்றால் உயிர். ஃபிஜி அணியில் இந்திய வம்சாவளியினரைக் காண்பதே அரிது என்று நான் ஒருமுறை சீண்டியபோது, “அதனால் என்ன, தீவு ஒன்றுதானே” என்று சொல்லிவிட்டு டீயைக் குடிக்கப் போய்விட்டார்.

ஆட்டத்தைப் பற்றி உனக்குச் சொன்னால்தான் மற்றது விளங்கும். லீக்கில் ஓர் அணிக்குப் பதின்மூன்று பேர். பந்தோடு ஓடுகிறவனைப் பிடித்துக் கீழே சாய்த்தால் அது ஒரு ‘டேக்கிள்’. சாய்ந்தவன் எழுந்து, பந்தைத் தரையில் வைத்துக் காலால் பின்னுக்குத் தள்ளி மறுபடி ஆட்டத்தைத் தொடங்குவான். அதற்குள் எதிரணி பத்து மீட்டர் பின்வாங்கியிருக்க வேண்டும். இப்படி ஆறு முறை பிடிபட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும் என்பதால், ஐந்தாவது டேக்கிள் முடிந்ததும் பெரும்பாலும் உதைத்துவிடுவார்கள். எதிரியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் ‘டிரை’. அதற்கு நான்கு புள்ளிகள். யூனியனில் பதினைந்து பேர், டேக்கிளுக்கு எண்ணிக்கை கிடையாது, டிரைக்கு ஐந்து புள்ளிகள். இந்த ஒரு புள்ளி வித்தியாசத்தைப் பார்த்து இரண்டும் அண்ணன் தம்பி என்று நினைத்துவிடாதே. 1895-இல் இங்கிலாந்தின் வடபகுதிக் கிளப்புகள், வேலைக்குப் போகாமல் ஆட வருகிறவனுக்கு இழந்த கூலியைக் கொடுக்கலாமா கூடாதா என்ற சண்டையில் பிரிந்துபோன பங்காளிகள் அவர்கள். அந்தப் பகை நூறு ஆண்டு நீடித்தது.

ரட்ராட்ரா 1992-இல் பிறந்தவர். டவெயுனித் தீவைச் சேர்ந்தவர். 180 பாகை தீர்க்கக்கோடு குறுக்கே போகிற தீவு அது. ஃபிஜியில் மற்ற எல்லாப் பையன்களையும் போல அவரும் யூனியன் ஆடித்தான் வளர்ந்தார். 2011-இல் இருபது வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் நாட்டுக்காக ஆடினார். அங்கே அவரைக் கண்டுகொண்ட பாரமட்டா, 2012-இல் தன் இருபது வயதுக்குட்பட்டோர் அணியில் சேர்த்துக்கொண்டது. விதிகளே வேறான ஓர் ஆட்டத்தில், அதுவும் அந்த ஆட்டத்திலேயே பிறந்து வளர்ந்த சிட்னிப் பையன்களுக்கு நடுவில், பத்தொன்பது வயதில் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டிய நிலை. அடுத்த ஆண்டே முதல்நிலைப் போட்டியான என்.ஆர்.எல்.லில் அறிமுகமானார்.

2014-இல் என் மகனுடைய பள்ளியில் யாரோ கொடுத்த இரண்டு டிக்கெட்டில்தான் நான் முதன்முதலாக மைதானத்துக்குப் போனேன். அதுவரை நான் கிரிக்கெட்டைத் தவிர வேறு எதற்கும் கண்ணைக் கொடுத்ததில்லை என்பது உனக்குத் தெரியும். எங்கள் இருக்கை இடது மூலைக் கம்பத்துக்கு நேர் எதிரே அமைந்தது தற்செயல். ரட்ராட்ராவுக்கு இடது ஓரம்தான் இடம். முதுகில் ஐந்தாம் எண். பந்து கைமாறி கைமாறிக் கடைசியாக அவரிடம் வந்தபோது, கோட்டுக்கு ஆறேழு மீட்டர் இருந்தது. எல்லைக்கோட்டுக்கும் பிடிக்க வந்தவனுக்கும் இடையே ஓர் ஆள் ஒருக்களித்து நுழையும் அளவுதான் இடம். அவர் வேகத்தைக் குறைத்தார். நான் அதைத்தான் உனக்குச் சொல்ல விரும்புகிறேன். ஓடிவந்தவர் ஒரு நொடியின் ஒரு பங்கு நேரம் கால்களைக் குறுக்கி, உள்பக்கம் திரும்பப்போவது போல இடுப்பைக் காட்டினார். எதிரி அந்த இடுப்பை நம்பி எடையை மாற்றினான். அதற்குள் இவர் வெளிப்பக்கம் பாய்ந்துவிட்டார். உடம்பு முழுவதும் எல்லைக்கோட்டுக்கு வெளியே காற்றில் மிதந்தது. நீட்டிய ஒரு கை மட்டும் மூலைக்கு உள்ளே பந்தைத் தரையில் அழுத்தியது. உடம்பு தரையைத் தொடும் முன் பந்து தொட்டால் அது டிரைதான். மூலைக் கம்பம் எகிறி என் மகன் காலடியில் வந்து விழுந்தது.

நம் ஊர்க் கபடியில் பாடி வருகிறவன் போனஸ் கோட்டருகே காட்டுகிற அதே ஏமாற்று அது. அன்று இரவே உனக்கு எழுத நினைத்தேன்; வழக்கம்போல எழுதவில்லை.

இங்குள்ளவர்கள் அவரை ‘செமி டிரெய்லர்’ என்று அழைத்தார்கள். பெயரோடு ஒரு சிலேடை. இந்த நாட்டு நெடுஞ்சாலைகளில் போகும் நீண்ட சரக்கு லாரிக்கு அதுதான் பெயர். ஆனால் அந்தப் பட்டப்பெயர் பாதி உண்மையைத்தான் சொல்கிறது என்பது என் கருத்து. யூனியனில் ஓரத்து ஆட்டக்காரனுக்குச் சில சமயம் பத்து நிமிடம்கூடப் பந்து வராது. குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு நிற்பான். லீக்கில் அந்தச் சொகுசு இல்லை. எதிரணி உதைத்த பந்தைத் தன் கோட்டருகே பிடித்து, வரிசையாக ஓடிவரும் கனத்த ஆட்களுக்குள் முதல் ஓட்டத்தை ஓடி, அடிவாங்கி, உடனே எழுந்து மறுபடியும் ஓரத்துக்குப் போய் நிற்க வேண்டும். டிரை எடுப்பதைத் தொலைக்காட்சி திரும்பத் திரும்பக் காட்டும். இந்தக் கூலி வேலையை யாரும் காட்டுவதில்லை. ஐந்து ஆண்டுகள் அவர் வாரந்தோறும் அதைச் செய்தார்.

2015-இல் 24 டிரைகளோடு அந்தப் பருவத்தில் போட்டியிலேயே முதலாவதாக வந்தார். அதற்கு முன் பாரமட்டாவில் ஒரே பருவத்தில் அதிக டிரைகள் என்பது 1982-இல் ஸ்டீவ் எல்லா எடுத்த 23. இத்தனைக்கும் அணி அந்த ஆண்டு அட்டவணையின் கீழ்ப் பாதியில் கிடந்தது. அடிக்கடி தோற்கிற அணியில் ஓரத்தில் நிற்பவன் 24 டிரை எடுப்பது என்றால், வாய்க்காலில் தண்ணீர் வராத வருஷத்தில் கடைமடைக்காரன் மூட்டை மூட்டையாக நெல் அடித்தது போல. மொத்தக் கணக்கு 94 ஆட்டங்களில் 82 டிரை.

2016 மே மாதம் நியூசிலாந்துக்கு எதிரான ஆன்சாக் டெஸ்டுக்கு அவரை ஆஸ்திரேலிய அணியில் சேர்த்தார்கள். இந்த நாட்டில் வசித்த காலத்தைக் கணக்கில் கொண்டு விதி அதற்கு இடம் கொடுத்தது. நியூகாசிலில் நடந்த ஆட்டத்தில் ஆஸ்திரேலியா 16-0 என்று வென்றது. பணக்கார அணி ஏழைத் தீவின் ஆளை எடுத்துக்கொள்கிறது என்று ஒரு பக்கமும், அவனுக்கு விருப்பம் இருந்தால் உனக்கு என்ன என்று மறுபக்கமுமாகப் பேச்சு ஓடியது. ஃபிஜியில் பிறந்து ஆஸ்திரேலியாவுக்காக 45 டெஸ்ட் ஆடிய பெட்டெரோ திவோனிதேவாவை அன்று பலர் உதாரணம் காட்டினார்கள். ஆனால் அவர் குழந்தையாக வந்து இங்கேயே வளர்ந்தவர். இது அப்படியில்லை. என் பணிமனை நண்பர் அன்று ஆட்டத்தைப் பார்க்கவில்லை. தொலைக்காட்சியை அணைத்துவிட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சினாராம். எனக்கோ எந்தப் பக்கமும் உறுதியாக நிற்க முடியவில்லை. இந்த நாட்டுக் கடவுச்சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சிட்னி மைதானத்தில் இந்திய அணிக்குக் கைதட்டுகிறவன் நான். இதில் தீர்ப்புச் சொல்ல எனக்கு ஏது வாய்?

அதே ஆண்டு, சம்பள உச்சவரம்பை மீறியதற்காகப் பாரமட்டாவுக்கு 12 புள்ளிகள் வெட்டப்பட்டன. அவை இருந்திருந்தால் அணி முதல் எட்டுக்குள் வந்து இறுதிச் சுற்று ஆடியிருக்கும். 2017-இல் ஒருவழியாக நான்காம் இடம் பிடித்தார்கள். இறுதிச் சுற்றின் முதல் வாரம் மெல்பர்னிடம் 18-16 என்று தோல்வி. அடுத்த வாரம் ஹோம்புஷில் வடக்கு குவீன்ஸ்லாந்திடம் 24-16. அத்தோடு பருவமும் முடிந்தது, ரட்ராட்ராவின் லீக் வாழ்வும் முடிந்தது. தென் பிரான்சின் துலோன் கிளப்போடு அவர் ஏற்கெனவே ஒப்பந்தம் செய்திருந்தார். வயது 25.

உன் கேள்விக்கு இப்போது வருகிறேன். ஐந்து ஆண்டு குறைவுதான். திவோனிதேவா 309 ஆட்டங்கள் ஆடினார். ஆனால் அவர் முன்வரிசையில் மோதும் ஆட்டக்காரர். முப்பத்தைந்து வயதிலும் அந்தத் தொழில் செல்லும். ஓரத்தில் ஓடுகிறவனின் சரக்கு கால் இரண்டும்தான். அதற்குப் பத்து ஆண்டு ஆயுள் இருந்தால் பெரிது. அந்தப் பத்தை எந்தச் சந்தையில் விற்பது என்பதை அவன் அல்லாமல் வேறு யார் சொல்ல முடியும்? உள்ளே வரும்போதே பத்தொன்பது வயது ஆகிவிடுகிற ஃபிஜிக்காரனுக்குக் காலம் இன்னும் சுருங்கிவிடுகிறது. நோவா நந்துருகு என்று ஒருவர் இருந்தார். 1991 யூனியன் உலகக் கோப்பையில் ஃபிஜிக்கு ஆடிவிட்டு, 1993-இல் கான்பெராவுக்கு லீக் ஆட வந்து, வந்த ஆண்டே 22 டிரைகளோடு முதலிடம் பிடித்தார். 1994-இல் பட்டம் வென்ற அணியிலும் இருந்தார். அவர் காலத்தில் இந்தப் பக்கம் வந்தவனுக்குத் திரும்பிப் போக வழியில்லை. யூனியன் 1995 வரை காசு வாங்காதவர்களின் ஆட்டம் என்று தன்னைச் சொல்லிக்கொண்டது. லீக்கில் ஒரு காசு வாங்கினாலும் ஆயுளுக்கும் விலக்கு.

1961-இல் ஜோ லெவுலாவும் ஓரிசி தவாயும் ஃபிஜியிலிருந்து வெகுதொலைவில் இருந்த ரோச்டேல் என்ற லங்காஷயர் பஞ்சாலை நகரத்துக்கு லீக் ஆடப் போனார்களே, அது ஒருவழிப் பயணம். 1950-களில் ஆஸ்திரேலியாவையே சிட்னியில் தோற்கடித்த ஃபிஜி அணியின் புகழ்பெற்ற ஆட்டக்காரர்கள் அவர்கள். போன அன்றே அந்தக் கதவு பின்னால் சாத்தப்பட்டுவிட்டது. அவர்கள் போட்ட தடத்தில் ரோச்டேலுக்குப் போன அபிசாய் டோகா, பிறகு சிட்னிக்கு வந்து செயின்ட் ஜார்ஜ் கிளப்பில் ஆடி, 1973 தொடக்கத்தில் டெட்டனஸ் நோயால் இறந்தார். குறுகிய வாழ்வு என்ற சொல்லை அவருக்காக வைத்துக்கொள்வோம். ரட்ராட்ராவுக்குக் கதவு இரண்டு பக்கமும் திறந்தது. அவர் அதன் வழியே நடந்து போனார், அவ்வளவுதான்.

போனதில் இழப்பே இல்லை என்றும் சொல்லமாட்டேன். 2017 நவம்பரில் வெலிங்டனில் ஃபிஜி லீக் அணி, ஒரு டிரைகூட இல்லாமல், இரண்டு தண்டனை உதைகளை மட்டும் வைத்து நியூசிலாந்தை 4-2 என்று உலகக் கோப்பையிலிருந்து வெளியேற்றியது. ஆட்டத்துக்கு முன் அவர்கள் தோளோடு தோள் நின்று பாடிய துதிப்பாட்டைக் கேட்டு என் பணிமனை நண்பர் அழுதுவிட்டார். அந்த வரிசையில் ரட்ராட்ரா இல்லை. அடுத்த வாரம் ஆஸ்திரேலியாவிடம் 54-6 என்று வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அவர் இருந்திருந்தாலும் தோற்றிருப்பார்கள் என்று வைத்துக்கொள். இருந்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

யூனியனுக்குத் திரும்பியதும் அவர் மறுபடி ஃபிஜிக்காரர் ஆனார். 2018-இல் பாரிசில் பிரான்சை முதன்முறையாகத் தோற்கடித்த அணியில் இருந்தார். 2019 உலகக் கோப்பையில் ஜார்ஜியாவை 45-10 என்று வென்ற ஆட்டத்தில் இரண்டு டிரை எடுத்து, மற்றவர்களுக்கும் வழி செய்து கொடுத்தார். 2021 ஜூலையில் டோக்கியோவில் ஃபிஜி எழுவர் அணி நியூசிலாந்தை 27-12 என்று வென்று ஒலிம்பிக் தங்கம் வாங்கியபோது அவர் கழுத்திலும் ஒன்று தொங்கியது. அந்த ஆட்டங்களில் அவர் மோதி விழுந்தபடியே பந்தை ஒரு கையால் பின்னால் வருகிறவனுக்குக் கொடுப்பதைப் பார்த்து வர்ணனையாளர்கள் ஃபிஜியின் பிறவிக்கலை என்றார்கள். அந்தக் கலை பிறவியிலேயே வந்திருக்கலாம். ஆனால் இரண்டு பேர் மேலே விழும்போதும் கையை மேலே தனியாக வைத்திருக்கும் உரம், வாரந்தோறும் பாரமட்டாவில் முதல் ஓட்டம் ஓடி அடிவாங்கிய உடம்பில் வந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. 2023 உலகக் கோப்பையில், அவர் முன்பு ஆடிய அதே போர்டோ நகரில், வேல்ஸுக்கு எதிராக 32-26 என்று பின்தங்கியிருந்த ஃபிஜி, கடைசி நிமிடத்தில் பந்தை இடதுபக்கம் அனுப்பியது. எதிரே ஆள் இல்லை. கோடு சில அடி தூரம். டிரை எடுத்து, அதன்பின் கிடைக்கும் இரண்டு புள்ளி உதையும் கம்பங்களுக்கு நடுவே போயிருந்தால் 33. தாழ்வாக வந்த பந்து ரட்ராட்ராவின் கையில் பட்டு முன்னால் விழுந்தது. விடியற்காலையில் சமையலறை விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு பார்த்த நான் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஏழு நாள் கழித்து செயின்ட் எட்டியேனில் அவர் மறுபடி இறங்கினார். 1954-க்குப் பிறகு முதல்முறையாக ஃபிஜி ஆஸ்திரேலியாவை வென்றது, 22-15. எதிரணியிலும் ஃபிஜியில் பிறந்த மரிகா கொரோய்பெத்தேயும் சுலியாசி வுனிவலுவும் இருந்தார்கள். இருவரும் மெல்பர்னில் லீக் ஆடிவிட்டு யூனியனுக்குப் போனவர்கள். அதே அணியில் இருந்த, ஃபிஜித் தந்தையின் மகனான மார்க் நவங்கனிதவாசே பிறகு யூனியனை விட்டு லீக்குக்கு வந்துவிட்டார். போக்குவரத்து இப்போது இரு திசையிலும் ஓடுகிறது.

உன் பையனுக்கு நீயே பதில் சொல்லிக்கொள். காணொளியை மட்டும் வேகத்தைக் குறைத்து ஓட்டிக் காட்டு. பந்தைப் பார்க்க வேண்டாம், எதிரியை நெருங்குவதற்கு முந்தைய இரண்டு எட்டில் அவருடைய இடுப்பைப் பார்க்கச் சொல். பாரமட்டா காலத்து ஆட்டங்கள் மகனிடம் இருக்கின்றன. அவன் அடுத்த வாரம் வருகிறான், வாங்கி அனுப்புகிறேன்.

வென்ட்வொர்த்வில்லில் பழைய துணி விற்கும் கடையில் போன மாதம் நீலமும் பொன்னிறமுமான ஈல்ஸ் சட்டை ஒன்று கிடைத்தது. முதுகில் ஐந்தாம் எண். மகேஸ்வரி ஊருக்கு வரும்போது கொடுத்து அனுப்புகிறேன். அளவு மிகப் பெரியது. உன் அணியில் யார் தோள் அகலமோ அவனுக்குக் கொடு. யாருக்கும் சேராவிட்டால் நீ காலையில் நடக்கப் போகும்போது போட்டுக்கொள், அண்ணி சிரித்தால் நான் பொறுப்பில்லை.

என்றும் அன்புடன்,
சந்தானம்